நோட்டீஸில் என் மூஞ்சி

எங்கள் பக்கத்தில் ஒருவன் மூஞ்சி சுவரில் ஏறுகிறதென்றால் அவன் கட்சியில் பதவி வாங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் செத்திருக்க வேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை. அதனால் பக்கிரி கடைக்குள் வந்து, "மச்சான், பஸ் ஸ்டாண்டுல உன்ன ஒட்டி வச்சிருக்காங்கடா" என்றபோது நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அது 2010. சிதம்பரத்தில் ஒரு மோட்டார் கடையில் எனக்குக் காயில் கட்டும் வேலை. எரிந்துபோன தண்ணீர் மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவிப் போட்டு, புதுச் செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைப்போம். பக்கிரியும் அதே வேலைதான். அவன் சாமி வேறு, என் சாமி வேறு. ஆனால் கடையில் சேர்ந்த நாளிலிருந்து மச்சான் முறைதான். யாரையாவது கிண்டல் பண்ணாமல் அவனுக்குச் சோறு இறங்காது.

"கண்ணீர் அஞ்சலியா? எந்த போட்டோடா போட்டுருக்காங்க?" என்று கேட்டேன்.

"போட்டோ இல்லடா, வரஞ்சது. போலீஸ் நோட்டீஸு. சிரிக்காம போயிப் பாரு."

வரைந்தது என்று அவன் சொன்னதும் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தேன். ஏனென்றால் கடலூர் மாவட்டத்தில் என் மூஞ்சியை வரைகிறவள் ஒருத்திதான். அவள் என் பெண்டாட்டி ரோசி.

ரோசி கல்யாணத்துக்கு முன்பே டிராயிங் பரீட்சை எழுதித் தோற்றவள். பார்க்காமல் ஞாபகத்திலிருந்து வரைகிற பேப்பரில் காலை வாரிவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகும் அந்த ஆசை அவளை விடவில்லை. பாஸ் பண்ணினால் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராகலாம் என்று, தினம் ஒரு பக்கமாவது ஸ்கெட்ச் நோட்டில் வரைவாள். வரைவதற்கு எதிரில் ஏதாவது வேண்டுமே? முதுநகரில் எங்கள் வீட்டுக்குள் சாயங்காலத்தில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பொருள் நான் ஒருவன்தான். டி.வி. பார்க்கிற நான், பேப்பர் படிக்கிற நான், தூங்கி வழிகிற நான் என்று நோட்டு நோட்டாக நானே இருந்தேன். கொஞ்ச நாளில் என்னைப் பார்க்காமலே என்னை வரைய ஆரம்பித்தாள். கண்ணை மூடி யோசிப்பாள், திறப்பாள், பென்சில் தானாக ஓடும்.

அவளுக்கு இரண்டு கோளாறு உண்டு. ஒன்று, இடது கண்ணை எப்போதும் கொஞ்சம் மேலே போட்டுவிடுவாள். "உன் கையில மாட்டுனா மாதாவே ஒண்ணரைக் கண்ணுதான்" என்று நான் சீண்டுவேன். இன்னொன்று, அவளுக்குக் கை வராது. விரல் போட்டால் முருங்கைக்காய் மாதிரி நிற்கும். அதற்குப் பயந்து என் கைகளை அக்குளுக்குள் சொருகிக்கொள்ளச் சொல்வாள், அல்லது முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்வாள். அப்படியே எனக்கும் பழகிவிட்டது. ரோசி பென்சிலை எடுத்தால் என் கை தானாக ஒளிந்துகொள்ளும்.

அந்த வாரம்தான் எங்கள் தெருவிலிருக்கும் பெண் கான்ஸ்டபிள் லோகநாயகி வந்து ரோசியைக் கூப்பிட்டிருந்தது. மேல்பட்டாம்பாக்கத்தில் ஜெயராணி என்று ஒரு டீச்சர். பள்ளிக்கூடம் அரைநாள் விட்டு நடந்து வந்தவரின் செயினை பைக்கில் வந்த ஒருத்தன் அறுத்துக்கொண்டு போய்விட்டான். அடையாளம் சொன்னால் வரைவதற்கு வழக்கமான ஆள் ஊரில் இல்லை. "நம்ம தெருவுல ஒரு அக்கா சூப்பரா வரைவாங்க சார்னு சொல்லிட்டேன்க்கா, மானத்த வாங்கிடாத" என்று லோகநாயகி சொல்ல, ரோசி கோயிலுக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு போனாள்.

திரும்பி வந்தவள் முகம் அப்படி ஒரு பிரகாசம். "என்ன ஆர்ட்டிஸ்டுன்னு கூப்புட்டாங்க, தெரியுமா? டீச்சர் பாத்துட்டு, ஆமா இவன்தான்னு அழுதுட்டாங்க."

"திருடன் எப்பிடி இருக்கான்?"

"சாதாரணமாதான் இருக்கான். உங்கள மாதிரி" என்றாள். இருவரும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்புதான் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது காதில் கேட்டுக்கொண்டே வந்தது.

டைம் கீப்பர் அறைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்தது. என் மீசை. என் முன்வழுக்கை. என் கீழுதடு. இடது கண் கொஞ்சம் மேலே. படத்துக்குக் கீழே, மேற்படி நபரைக் கண்டால் உடனே தகவல் தெரிவிக்கவும் என்று கொட்டை எழுத்து. மேற்படி நபர் அதற்கு நேர் எதிரில் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நோட்டீஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குழந்தையை மறுபக்கத்து இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நகர்ந்தாள்.

அப்போது நான் செய்தது முழு முட்டாள்தனம். கையை நீட்டி நோட்டீஸைச் சர்ரென்று கிழித்துவிட்டேன்.

"யோவ், யாருய்யா அது? அத ஏன்யா கிழிக்கிற?" என்று டைம் கீப்பர் ஜன்னல் வழியாகக் கத்தினார். அவர் எழுந்து வெளியே வருவதற்குள், கிளம்பிக்கொண்டிருந்த கடலூர் பஸ்ஸில் ஓடி ஏறினேன். ஓடுகிறவன் திருடன் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் ஓடினேன்.

கடைசி சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து கர்சீப்பை எடுத்து மூக்கு வாய் மறையக் கட்டிக்கொண்டேன். அதற்கப்புறம்தான் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் டிக்கெட் கிழித்தபடி, "இன்னா அண்ணே, ஒடம்பு சரியில்லியா?" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன். இரண்டு சீட்டுக்கு முன்னால் ஒருவர் செல்போனில், "ஆமா சார், பஸ்ஸுலதான் இருக்காரு... பக்கத்துலதான்... வந்ததும் புடிச்சிக்கிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் தன் மாமனாரைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் நான் இல்லை. செம்மங்குப்பம் ஸ்டாப்பில் பஸ் நின்றதும் இறங்கிவிட்டேன்.

கெமிக்கல் கம்பெனிகள் இருக்கிற இடம் அது. இறங்கியவுடனே அழுகிய முட்டை நாற்றம் மூக்கைப் பிடித்தது. ஸ்டாப்பில் நின்ற அத்தனை பேரும் கர்சீப், துண்டு, முந்தானை என்று ஏதாவது ஒன்றால் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். அங்கே என்னை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. போகும்போதும் வரும்போதும் நான் திட்டித் தீர்க்கிற அந்த நாற்றத்துக்கு அன்றைக்கு மனசுக்குள் கும்பிடு போட்டேன். பிறகு ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறி முதுநகர் வந்து சேர்ந்தேன்.

ரோசி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, பாக்கெட்டிலிருந்த நோட்டீஸை அவள் முன்னால் விரித்தேன்.

"இது யாருடி?"

"திருடன்" என்றாள். "எங்க ஒட்டியிருந்தாங்க? இத ஏன் கிழிச்சிட்டு வந்தீங்க?"

கர்சீப்பை அவிழ்த்தேன்.

அவள் நோட்டீஸைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி நோட்டீஸைப் பார்த்தாள். அரிசிக் கை அப்படியே நின்றுவிட்டது. 'ஐயையோ, என்ன காரியம் பண்ணிட்டேன்' என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள், நான் நாலு வார்த்தை திட்டலாம் என்று காத்திருந்தேன். அவள் தலையில் அடித்துக்கொள்ளவில்லை.

"செவ்வாக்கெழம மத்தியானம் எங்க இருந்தீங்க?" என்று கேட்டாள்.

"கடையிலதான்."

"அன்னைக்கே பக்கிரி அண்ணன் போன் பண்ணுச்சு. நீங்க கடைக்கு வரலன்னு சொல்லுச்சு. நீங்களா சொல்லுவீங்கன்னு நானும் கேக்கல." ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "டீச்சர் செயின் போனதும் செவ்வாக்கெழமதான்" என்றாள்.

சொல்லிக்கொண்டே ஒரு அடி பின்னால் போனாள். பஸ் ஸ்டாண்டு, டைம் கீப்பர், போன் பேசிய ஆள் எல்லோரும் சேர்ந்து கொடுத்த பயத்தைவிட அந்த ஒரு அடி எனக்குப் பெரிய பயமாக இருந்தது. என் கூடவே படுத்து எழுகிறவள் என்னைப் பார்த்துப் பின்வாங்குகிறாள்.

"மேல்பட்டாம்பாக்கத்துல இருந்தேன்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. திருட்டு நடந்த ஊர், திருட்டு நடந்த நாள். "அனிதா அக்கா வூட்டுல."

என் அக்கா ஆரோக்கிய அனிதாவுக்கும் ரோசிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அக்கா மகன் கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் ரோசிக்குச் சரியாகப் பரிமாறவில்லை என்று ஆரம்பித்தது. அதிலிருந்து நான் அந்த வாசலை மிதிக்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

"எதுக்குப் போனீங்க?"

"கெழங்கா மீன் கொழம்பு வச்சிருக்கேன், வந்து துன்னுட்டுப் போடான்னு கூப்புட்டுச்சு."

ரோசி நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. நான் கொல்லைப்பக்கம் போய் கண்ணாடியை மாட்டி ரேசரை எடுத்தேன். மீசை போனால் பாதி மூஞ்சி போய்விடும் என்று கணக்கு. அவள் பின்னாலேயே வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மீசய எடுத்தா நீங்கதான்னு நீங்களே சொல்ற மாதிரி ஆயிடும். சட்டய மாட்டுங்க. ஸ்டேஷனுக்குப் போலாம்."

"உள்ள போனா வெளிய வருவனாடி?"

"அவுங்க வந்து இழுத்துகினு போனா தெருவே நின்னு பாக்கும். நாம்பளா நடந்து போனா நாம்ப ரெண்டு பேருதான்" என்றாள். நாம்ப ரெண்டு பேரு என்று அவள் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே கால் வைத்தேன். அவள் ஸ்கெட்ச் நோட்டுகளை ஒரு பையில் அள்ளிக்கொண்டாள்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. தட்சிணாமூர்த்தி டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் டம்ளர் பாதி வழியில் நின்றது. அவர் தலைக்கு மேல் சுவரில் நானே தொங்கிக்கொண்டிருந்தேன். லோகநாயகி எங்களைப் பார்த்து, "வாங்க அண்..." என்று ஆரம்பித்து அப்படியே வாயைப் பொத்திக்கொண்டது.

"சார், தப்பு எம்மேல" என்றாள் ரோசி. "அது எம் புருஷன் மூஞ்சி. தெனம் இவரயே வரஞ்சி பழகிட்டேன். டீச்சர் சொன்னது நீட்டு மூஞ்சி, மீச, மாநெறம். அவ்ளோதான். மிச்சத்த எங் கையே போட்டுடுச்சு."

பையிலிருந்த நோட்டுகளை மேசைமேல் பரப்பினாள். எஸ்.ஐ. புரட்டினார். எல்லாப் பக்கத்திலும் நான். அவர் என் மூஞ்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "சிதம்பரத்துல ஒருத்தன் நோட்டீஸக் கிழிச்சிட்டு ஓடுனான்னு போன் வந்துச்சு. அது நீயா?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

"செவ்வாக்கெழம எங்க இருந்த?"

"மேல்பட்டாம்பாக்கம் சார், எங்க அக்கா வூட்டுல."

"அக்கா தம்பிக்குத்தான சாட்சி சொல்லும்" என்று அவர் நோட்டை மூடினார். "டீச்சர வரச் சொல்லு" என்றார் லோகநாயகியிடம்.

டீச்சர் வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ரோசி பக்கத்தில் இருந்தாள். வெளியே தெரு விளக்குகள் எரிய ஆரம்பித்தன. அந்தோணியாரே, அந்தோணியாரே என்று மட்டும் வாய் முணுமுணுத்தது. காணாமல்போன பொருளைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதர் அவர். செயினைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி நான் இவ்வளவு மனமுருகி வேண்டியது அந்த டீச்சருக்குக்கூடத் தெரியாது.

ஜெயராணி டீச்சர் கழுத்தில் கட்டோடு வந்தார். கண்ணாடி போட்ட, மெலிந்த உருவம். வாசலில் என்னைப் பார்த்தவர் அப்படியே சுவரோடு ஒட்டிக்கொண்டார். "இவன்தான்" என்றார். "இவனேதான் சார்."

எனக்குக் காது அடைத்துவிட்டது. கொஞ்ச நேரத்துக்கு யார் பேசியதும் கேட்கவில்லை. கேட்க ஆரம்பித்தபோது ரோசி எழுந்துபோய் டீச்சர் முன்னால் நின்றிருந்தாள்.

"டீச்சர், அன்னைக்கி அவன் மூஞ்சிய எவ்ளோ நேரம் பாத்தீங்க?"

"நேரம் எங்கம்மா இருந்துச்சு? இழுத்தான், உழுந்துட்டேன். அப்புறம் நீ வரஞ்சியே, அதத்தான் பாத்துட்டே இருக்கேன். கண்ண மூடுனா அந்த மூஞ்சிதான் வருது. தூங்க முடியல."

"எனக்கும் கண்ண மூடுனா அந்த மூஞ்சிதான் டீச்சர் வரும். அது இவுரு மூஞ்சி. நான் உங்க கண்ணுல போட்டது. அத வுட்டுடுங்க." ரோசி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நெசமா, கிட்டத்துல, நீங்க எதப் பாத்தீங்க?"

டீச்சர் கண்ணை மூடினார். கை தானாகக் கழுத்துக்குப் போனது. "கை" என்றார். "இங்க... தாடைக்குக் கீழயே இருந்துச்சு. கைய மட்டுந்தான் பாத்தேன்."

"கைய வச்சிகினு நான் ஊர்ல யாரத் தேடறது?" என்று எஸ்.ஐ. சலித்துக்கொண்டார். ஆனால் ஒரு வெள்ளைத்தாளை ரோசி பக்கம் தள்ளினார்.

எனக்கு அழுகை வந்தது. கையா? இவளுக்கா? முருங்கைக்காய் போடுவாளே! ஆனால் அன்றைக்கு அவள் பென்சில் தானாக ஓடவில்லை. ஓடத் தெரிந்தால்தானே ஓடும்? ஒவ்வொரு கோட்டுக்கும் டீச்சரைக் கேட்டாள். எந்தக் கை? இடது கை. வலது கை பைக்கில் இருந்தது. செயினை எந்த விரல் பிடித்தது? விரல் கட்டையா, நீட்டா? போட்டாள், அழித்தாள், மறுபடி கேட்டாள். இப்படியா? இல்லம்மா, இன்னும் குட்டை. இப்படியா?

"நகமெல்லாம் கறுப்பு" என்றார் டீச்சர்.

எஸ்.ஐ. என் பக்கம் திரும்பினார். வார்னிஷ் ஊற்றுகிறவன் நகம் எந்தக் காலத்தில் வெளுத்திருக்கிறது? ரோசி கையில் பென்சில் இருந்தது அல்லவா, என் இரண்டு கையும் பழக்கதோஷத்தில் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தன.

"ஏன்யா கைய மறைக்கிற? முன்னால காட்டு."

காட்டினேன். பத்து நகமும் கறுப்பு. லோகநாயகி தலையைக் குனிந்துகொண்டது. இதோடு முடிந்தது என்று நினைத்தேன். ரோசி என் கையைப் பார்க்கவில்லை. பார்த்தால் மறுபடி என்னை வரைந்துவிடுவோம் என்று அவளுக்குப் பயம். முதுகை எனக்குக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டு, "அப்புறம் டீச்சர்? சுண்டு விரல் எப்பிடி இருந்துச்சு?" என்றாள்.

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "அது... செயினப் புடிக்கல. தனியா நீட்டிகினு நின்னுச்சு. டீ கிளாஸப் புடிக்கச்சே சில பேரு நீட்டுவாங்களே, அப்பிடி. கழுத்துல நகம் கீறுனது அந்த வெரல்தான். அவன் மடக்கிப் பாத்தான், மடங்கல."

ரோசி அந்த விரலைப் போட்டாள். மற்ற நாலும் கொஞ்சம் முருங்கைக்காய்தான். ஆனால் தாளைத் திருப்பிக் காட்டியதும் டீச்சர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டார். என் மூஞ்சியைப் பார்த்தபோதுகூட அவர் அப்படிப் பயப்படவில்லை.

எஸ்.ஐ. எழுந்து வந்தார். "இடது கைய நீட்டு. சுண்டு விரல மடக்கு."

என் சுண்டு விரல் எனக்குக் கீழ்ப்படியுமா என்றே சந்தேகம் வந்துவிட்டது. கை அப்படி ஆடியது. மடக்கினேன். மடங்கியது.

"மறுபடி."

மடங்கியது. டீச்சர் எட்டிப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "இந்தக் கை இல்ல சார்" என்றார். என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

"போய்யா" என்றார் எஸ்.ஐ. "கூப்புட்டா வரணும். ஊர வுட்டு எங்கயும் போவக்கூடாது." சுவரிலிருந்த என்னைக் கழற்றி, நாலாக மடித்து மேசை டிராயரில் போட்டார். கிழிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது களைந்த அரிசி அப்படியே தண்ணீரில் கிடந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்கு உயிர் வந்ததும் கோபமும் கூடவே வந்தது.

"நான்தான்னு நம்பிட்டல்ல?" என்று கேட்டேன்.

இல்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். பொய்யாகவாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"கொஞ்ச நேரம் நம்பிட்டேன்" என்றாள். "உங்க மூஞ்சி எனக்கு மனப்பாடம். உங்க கை வெளிய போயி இன்னா செய்யும்னு எனக்குத் தெரியலியே. அதான் பயந்துட்டேன்." சொல்லிவிட்டு அழுதாள். நான் தேற்றவில்லை. எனக்கும் தெம்பு இல்லை.

அப்புறம் அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பினாள். பென்சிலைப் பார்த்ததும் என் கைகள் அக்குளுக்குள் ஓடின.

"வெளிய எடுங்க" என்றாள். "ரெண்டையும் இப்பிடி மேசமேல வைங்க."

வைத்தேன். கறுத்த நகமும் கம்பி அறுத்த தழும்புமாக இரண்டும் விளக்கு வெளிச்சத்தில் கிடந்தன. ஸ்டேஷனில் ஆரம்பித்த நடுக்கம் இன்னும் நிற்கவில்லை.

"ஆடாதீங்க."

"நான் ஆட்டலடி. அது தானா ஆடுது."

அவள் இடது கையால் என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் வரைய ஆரம்பித்தாள். கோடு கோணல்மாணலாகப் போனது. அவள் கையும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. ரப்பர் பக்கத்திலேயே கிடந்தது. அவள் அதை எடுக்கவில்லை.